தாடை வீங்கும் ஆடுகளும் மாதா மாதம் கொடுக்கும் பூச்சி மாத்திரையும்

கேள்வி:

"டொக்டர், வெல்லம்பிட்டியில் வீட்டுக்குப் பின்னால் கொட்டில் போட்டு ஆடு வளர்க்கிறோம். இப்போது ஒன்பது இருக்கிறது. பகலில் கால்வாய் ஓரப் புல்லில் கட்டுவோம். மழை தொடங்கிய பிறகு இரண்டு செத்துப் போய்விட்டன. இரண்டுக்குமே தாடைக்குக் கீழே பை மாதிரி வீக்கம். பின்னேரம் பெரிதாக இருக்கும், விடியற்காலையில் பார்த்தால் வற்றியிருக்கும். வயிற்றோட்டம் இல்லை, புழுக்கை நன்றாகத்தான் போட்டன. பார்மசியில் வாங்கும் அல்பென்டசோல் மாத்திரையை மாதா மாதம் தவறாமல் ஆளுக்குப் பாதி கொடுக்கிறேன். இப்போது குட்டி போட்டு ஒரு மாதமான தாயாட்டுக்கும் தாடை வீங்குகிறது. இதைவிடப் பலமான மருந்து எது? ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வைத்திருக்கும் கிடாய்க்கும் அதைக் கொடுக்கலாமா? பிள்ளைகள் கொட்டிலில்தான் விளையாடுகிறார்கள், அவர்களுக்கும் இந்தப் புழு வருமா?"

பதில்:

சகோதரி, முதலில் அந்தத் தாயாட்டைப் பார்ப்போம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

தாடை வீங்கிய ஆடு இரத்தம் வற்றிப்போன ஆடு. அதை இன்றைக்கே மற்ற ஆடுகளிடமிருந்து பிரித்து, நிழலில் நிறுத்தி, தீனியையும் தண்ணீரையும் அதனிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். ஓட்டக் கூடாது, விரட்டிப் பிடிக்கக் கூடாது, குட்டிகள் முட்டி முட்டிக் குடிப்பதையும் குறைக்கப் பாருங்கள். உடம்பில் இரத்தம் இல்லாத ஆடு கொஞ்சத் தூரம் ஓடினாலே விழுந்து செத்துவிடும். மிருக வைத்தியரிடம் கொண்டுபோவதென்றால் நடத்திக் கூட்டிப் போகாமல் முச்சக்கர வண்டியில் ஏற்றிப் போங்கள். போகும்போது என்ன மாத்திரை, எவ்வளவு, எத்தனை மாதமாகக் கொடுத்தீர்கள் என்பதை ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். மருந்தைத் தேர்ந்தெடுக்க அவருக்கு அதுதான் வேண்டும்.

சரி, நடந்தது என்ன? நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது ஹீமோன்கஸ் என்ற இரத்தம் குடிக்கும் புழுவின் மீது. இது குடலில் இருப்பதில்லை, ஆட்டின் நான்காவது இரைப்பையில் இருக்கும். செத்த ஆட்டை உடனே அறுத்து அந்த இரைப்பையைத் திறந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில், சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய நூல் மாதிரி உள்சுவரில் ஒட்டிக்கொண்டு நெளியும். சிவப்பு, அது குடித்த ஆட்டு இரத்தம். வெள்ளை, அதன் சூற்பை. ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு 5,000 முட்டைக்கு மேலும் போடும்.

ஒரு புழு நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.05 மில்லிலீட்டர் இரத்தத்தை வீணாக்கும் என்பது கணக்கு. ஒரு சொட்டு அளவுதான். ஆனால் 2,000 புழு இருந்தால் தினமும் 100 மில்லிலீட்டர் போகிறது. 25 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்தமாக இருக்கும் இரத்தமே இரண்டு லீட்டருக்கும் குறைவு. ஒரு வாரம், இரண்டு வாரம் இப்படிப் போனால் என்ன மிஞ்சும்? இரத்தத்தோடு அதிலுள்ள புரதமும் போய்விடுகிறது. புரதம் குறைந்தால் இரத்தக் குழாய்க்குள் நிற்க வேண்டிய நீர் வெளியே கசிந்து, தாழ்வான இடத்தில் போய்த் தேங்கும். பகல் முழுவதும் தலையைக் குனிந்து மேய்கிற ஆட்டுக்குத் தாழ்வான இடம் தாடை. அதனால்தான் பின்னேரம் வீங்கி, இரவு தலையை உயர்த்திப் படுத்த பிறகு வற்றுகிறது. காலையில் வீக்கம் இறங்கிவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். காலையில் நின்றிருப்பதும் அதே நோயாளிதான்.

புழுக்கை நன்றாகப் போட்டதுதான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. புழு என்றால் வயிற்றோட்டம் என்று நம் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. ஹீமோன்கஸ் பெரும்பாலும் கழிச்சலைக் கொடுக்காது. ஆடு மெலியக்கூட அவகாசம் இல்லாமல், உருண்டை உருண்டையாகப் புழுக்கை போட்டுக்கொண்டே செத்துப் போகும். இதைக் கண்டுபிடிக்கப் பார்க்க வேண்டிய இடம் ஆட்டின் கண். அதைப் பிறகு விளக்குகிறேன்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். நீங்கள் மாதம் தவறாமல் கொடுத்திருக்கிறீர்கள், அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணக்கில்தான் கோளாறு. பார்மசியில் கிடைக்கும் அல்பென்டசோல் மாத்திரை மனிதருக்கானது, பெரும்பாலும் 400 மில்லிகிராம். பாதி என்றால் 200. உங்கள் தாயாடு 28 கிலோ இருந்தால் கிலோவுக்கு 7 மில்லிகிராம் போயிருக்கும். கிடாய் 42 கிலோ இருந்தால் கிலோவுக்கு 5 மில்லிகிராம்கூட இல்லை. ஆட்டின் உடம்பு இந்த மருந்தை மாட்டையும் செம்மறியையும்விட வேகமாகக் கழித்துவிடும். அதனால் செம்மறிக்குப் போதுமான அளவைப்போல் இரண்டு மடங்கு வெள்ளாட்டுக்கு வேண்டியிருக்கிறது, அதாவது கிலோவுக்கு 10 மில்லிகிராமாவது. உங்கள் பெரிய ஆடுகள் ஒவ்வொரு மாதமும் அரைகுறை மருந்துதான் குடித்திருக்கின்றன.

அரைகுறை மருந்து வெறுமனே வீண்போவதோடு நின்றால் பரவாயில்லை. மருந்துக்குச் சாகிற புழு சாகிறது, தாங்குகிற புழு தப்பிக்கிறது. தப்பியது முட்டை போடுகிறது. அடுத்த மாதம் மறுபடி அதே மருந்து, மறுபடி அதே வடிகட்டல். ஒன்பது ஆட்டுக்கும் ஒரே நாளில் கொடுக்கும்போது, மருந்து படாத சாதாரணப் புழுவுக்கு உங்கள் கொட்டிலில் இடமே இல்லாமல் போகிறது. கொஞ்ச காலத்தில் மிஞ்சுவது மருந்தைத் தாங்கும் பரம்பரை மட்டும்தான். இது புதிய சங்கதியும் இல்லை. அல்பென்டசோல் சேர்ந்த மருந்துக் குடும்பத்தின் முதல் மருந்தான தையாபென்டசோல் 1961இல் சந்தைக்கு வந்தது, சில ஆண்டுகளுக்குள்ளேயே அதற்கு மசியாத ஹீமோன்கஸைக் கண்டுவிட்டார்கள். இன்று உலகத்தில் ஆடு வளர்க்கும் பெரும்பாலான நாடுகளில் இதுதான் தலைவலி.

அதனால் "இதைவிடப் பலமான மருந்து எது" என்ற கேள்விக்கு நான் ஒரு பெயரைச் சொல்லி முடித்தால் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். லெவமிசோல் இருக்கிறது, ஐவர்மெக்டின் இருக்கிறது, குளோசன்டெல் இருக்கிறது. எல்லாம் வேறு வேறு வகை, ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்டிப்பு உண்டு. லெவமிசோல் கொஞ்சம் கூடினாலே ஆடு வாயில் நீர் வடித்து நடுங்கும். குளோசன்டெல் அளவுக்கு மிஞ்சினால் கண் பார்வை போகும், பால் குடிக்கும் வீட்டில் அதைக் கொடுக்கவும் முடியாது. நீங்கள் கொடுக்கும் அல்பென்டசோல்கூட, சினைப்பட்ட முதல் மாதத்தில் கொடுத்தால் குட்டி ஊனமாகப் பிறக்கலாம். எந்த வகை, எவ்வளவு என்பதை உங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் ஆட்டைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். இன்னொன்று: பார்மசி மருந்து எதையும் இனி ஆட்டுக்குக் கொடுக்க வேண்டாம்.

அலுவலகத்துக்குப் போகும்போது புழுக்கையும் கொண்டுபோங்கள். தரையில் காய்ந்து கிடப்பது உதவாது. அப்போதுதான் போட்டதில் பத்துப் புழுக்கை போதும், ஒவ்வோர் ஆட்டுக்கும் தனித்தனிச் சின்னப் பொலிதீன் பை, காற்றைப் பிதுக்கி முடிச்சுப் போட்டு ஆட்டின் அடையாளத்தை எழுதி, ஐஸ் கட்டியோடு அன்றைக்கே சேர்த்துவிட வேண்டும். வெயிலில் வைத்தால் முட்டை பொரித்துவிடும், கணக்குத் தவறிவிடும். ஒரு கிராமில் எத்தனை முட்டை என்று எண்ணுவார்கள். மருந்து கொடுத்து 10 முதல் 14 நாளில் மறுபடி ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். முட்டை 95 சதவீதமாவது குறைந்திருந்தால் மருந்து வேலை செய்கிறது. குறையவில்லையென்றால் அந்த வகை மருந்துக்கு உங்கள் கொட்டில் புழு பழகிவிட்டது. அதற்குமேல் அந்த மருந்துக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண்.

எடை முக்கியம். தராசு இல்லாவிட்டால் தையல் நாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளவெடுங்கள். தோள் முனையிலிருந்து பின் இடுப்பெலும்பு முனை வரை நீளம் எடுங்கள். இரண்டும் சென்டிமீட்டரில். நெஞ்சளவை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 10,840ஆல் வகுத்தால் கிலோ வரும். நெஞ்சு 70, நீளம் 60 என்றால் சுமார் 27 கிலோ. கண்ணால் மதிப்பிடும்போது நாம் எல்லோரும் பெரிய ஆட்டைக் குறைத்துத்தான் சொல்கிறோம், மருந்து குறைவதும் அங்கேதான். மருந்தை ஊசியில்லாத சிரிஞ்சால் வாயோரமாக நுழைத்து நாக்கின் அடிப்பகுதிக்கு மேல் மெதுவாக விடுங்கள். தலையை அண்ணாந்து தூக்கிப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

இப்போது கண். தென்னாபிரிக்காவில் செம்மறிகளுக்காக உருவாக்கி, இன்று உலகமெங்கும் பயன்படுத்தும் ஒரு முறை இருக்கிறது. ஃபமாச்சா என்பார்கள். கண் இமையின் உட்புற நிறத்தை ஐந்து நிறப் படியுள்ள அட்டையோடு ஒப்பிடுவதுதான் அது. கொட்டிலின் இருட்டில் பார்க்கக் கூடாது, ஆட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பெருவிரலால் மேல் இமையை மூடி, விழியை இலேசாக உள்ளே அழுத்துங்கள். மற்றப் பெருவிரலால் கீழ் இமையைக் கீழே இழுங்கள். உள் இமை ஒரு கணம் பிதுங்கி வெளியே வரும், அப்போதே நிறத்தைப் பார்த்துவிட வேண்டும். நேரம் எடுத்தால் இரத்தம் ஏறி ஏமாற்றும். நல்ல சிவப்பு ஒன்று, இளஞ்சிவப்பு மூன்று, வெள்ளைக் கடதாசி மாதிரி வெளிறினால் ஐந்து. இரண்டு கண்ணையும் பாருங்கள். தூசி பட்டோ கண் நோயாலோ சிவந்திருந்தால் அதை நம்ப வேண்டாம்.

நான்கும் ஐந்தும் கட்டாயம் மருந்துக்குரியவை. குட்டிகள், சினை ஆடுகள், பால் கொடுக்கும் ஆடுகள் மூன்றிலேயே மருந்து கேட்கும். ஒன்றிலும் இரண்டிலும் நிற்கிற கொழுத்த ஆட்டுக்குக் கொடுக்காமல் விட்டுவிடுங்கள். இதைச் சொன்னால் பலருக்கு மனம் ஒப்புவதில்லை. "எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டால் நிம்மதி" என்பார்கள். ஒரு மந்தையில் பெரும்பாலான புழுக்கள் ஒரு சில ஆடுகளில்தான் குவிந்திருக்கும். அந்தச் சில ஆடுகளுக்கு முழு அளவில் கொடுத்து, மற்றவற்றை விட்டால், மருந்து படாத புழுக்களின் முட்டையும் புல்லில் விழும். தாங்கும் புழு மட்டும் பெருகி ஆள முடியாது. மருந்தின் ஆயுளும் நீளும், உங்கள் செலவும் குறையும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கண் பாருங்கள், கொப்பியில் எழுதி வையுங்கள். அடிக்கடி மருந்து கேட்கும் ஆடு எது என்று கொஞ்ச காலத்தில் கொப்பியே காட்டிவிடும். அதன் குட்டிகளை இனத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த முறை இரத்தம் குடிக்கும் புழுவை மட்டும்தான் காட்டும். இரண்டு மூன்று மாதக் குட்டி கழிந்து கழிந்து பின்புறம் நனைந்திருந்தால் அது பெரும்பாலும் கொக்சிடியா என்ற நுண்ணுயிர், அதற்குப் பூச்சி மருந்து வேலையே செய்யாது, வேறு மருந்து வேண்டும். புழுக்கையில் அரிசி மாதிரி வெள்ளைத் துண்டுகள் தெரிந்தால் நாடாப்புழு. பார்க்க அருவருப்பாக இருக்கும், ஆனால் ஆட்டைக் கொல்வது பெரும்பாலும் அது அல்ல.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் உறுத்தியது கால்வாய் ஓரம்தான். புழுக்கையோடு விழுந்த முட்டை, கொழும்பின் சூட்டிலும் ஈரத்திலும் ஒரு வாரத்துக்குள் தொற்றக்கூடிய குஞ்சாகிவிடும். அந்தக் குஞ்சு புல்லில் உள்ள ஈரப் படலத்தில் நீந்தி மேலே ஏறிக் காத்திருக்கும். பெரும்பாலும் தரையிலிருந்து நான்கு ஐந்து அங்குலத்துக்குள்தான். ஆடு தின்ற மூன்று வாரத்தில் அது முட்டை போடத் தொடங்கும். ஆக, ஒரே கட்டையில் தினமும் கட்டி, புல் ஒட்ட ஒட்ட மேய்கிற ஆடு, போன வாரம் தான் போட்டதையே இந்த வாரம் தின்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, ஒக்டோபர் நவம்பரில் மறுபடி மழை. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் நீண்ட வெயில் வந்து குஞ்சுகளைக் கருக்குகிறது. கொழும்பில் அந்த உதவி நமக்கு ஜனவரி, பெப்ரவரியில்தான் கொஞ்சம் கிடைக்கிறது.

இடம் இருந்தால் மாற்றிக் கட்டுங்கள். நம்மைப் போலவே சூடும் மழையும் உள்ள டொங்கா தீவில் 1990களில் ஆடுகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மேய்ச்சல் நிலத்தைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மட்டும் மேயவிட்டு நகர்த்தினார்கள். முட்டை பொரித்துக் குஞ்சு தயாராவதற்குள் ஆடு போய்விடும், திரும்பி வருவதற்குள் பெரும்பாலான குஞ்சு செத்துவிடும். ஆடுகளின் முட்டைக் கணக்குப் பாதிக்கும் கீழே இறங்கியது. வெல்லம்பிட்டியில் பத்துத் துண்டு நிலத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயம். அதனால் உங்களுக்கு நான் சொல்வது வெட்டிப் போடும் தீனி. பலா இலை, கிளிசிரிடியா, இப்பில் இப்பில், முள்முருங்கை. ஆடு இயல்பிலேயே தலையை உயர்த்திக் கொப்பு தின்கிற பிராணி. உயரத்தில் உள்ள இலையில் புழுக் குஞ்சு இல்லை. பலா இலையைத் தரையில் போடாமல் கட்டாகக் கட்டித் தொங்கவிடுங்கள். கினிப்புல் வெட்டுவதென்றால் ஒரு சாண் விட்டு மேலே வெட்டுங்கள். மேயவிட்டே ஆகவேண்டுமென்றால் பனி காய்ந்து பத்து மணிக்குப் பிறகு விடுங்கள், மழை விட்ட உடனே விடாதீர்கள்.

கொட்டிலின் தரையை மூன்றடி உயர்த்தி, சட்டங்களுக்கு இடையே புழுக்கை கீழே விழும்படி வைத்தால் பாதி வேலை முடிந்தது. கீழே விழுந்ததை ஒன்றுவிட்டு ஒரு நாளாவது கூட்டிக் குவித்து மக்கவிடுங்கள். பச்சைப் புழுக்கையை அப்படியே புல் பாத்தியில் கொட்டினால் தீனியோடு புழுவையும் வளர்த்ததாகிவிடும். தாயாடு குட்டி போடும் காலத்திலும் அதற்குப் பின் சில வாரங்களும் அதன் எதிர்ப்பு குறைந்து, முட்டை அதிகமாக வெளியேறும். குட்டிகளுக்குத் தொற்றுவது அப்போதுதான். உங்கள் தாயாடு இப்போது விழுந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அந்தக் காலத்தில் தேங்காய்ப் புண்ணாக்கைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். புரதம் கிடைக்கும் ஆடு புழுவைத் தாக்குப் பிடிக்கும்.

புத்தளத்திலிருந்தோ வேறெங்கிருந்தோ புது ஆடு வாங்கினால் நேரே உள்ளே விடாதீர்கள். அது மருந்துக்கு மசியாத புழுவை வயிற்றில் சுமந்து வரலாம். இரண்டு மூன்று வாரம் தனியாகக் கட்டி, வைத்தியர் சொல்லும் மருந்தைக் கொடுத்து, புழுக்கையைப் பார்த்த பிறகு மற்ற ஆடுகளோடு சேர்த்துவிடுங்கள்.

யாராவது துரிசு நீர் கொடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள். அது செம்பு, ஈரலில் சேர்ந்து கொல்லும், செம்மறியாக இருந்தால் இன்னும் வேகமாக. பூண்டு, வேப்பிலை, பப்பாசி விதை கொடுப்பதில் எனக்குக் கோபம் இல்லை. கண் வெளிறிய ஆட்டுக்கு அதைக் கொடுத்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று இருப்பதில்தான் எனக்குக் கவலை. ஆடு பின்னங்கால் இழுத்து நடந்தால் இந்தப் புழுவைக் குறை சொல்ல வேண்டாம். மாட்டில் இருக்கும் வேறொரு புழுவின் குஞ்சை நுளம்பு ஆட்டுக்குக் கொண்டுவந்து, அது முள்ளந்தண்டுக்குள் போய்விடுவதுண்டு. அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள்.

ஹஜ்ஜுக் கிடாய்க்கு மருந்து தேவையா என்பதைக் கண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தேவையென்றால் பெருநாளுக்கு வெகு முன்பே கொடுத்துவிட வேண்டும். எந்த மருந்தும் இறைச்சியில் சில நாளோ சில வாரமோ தங்கும், குளோசன்டெலும் ஐவர்மெக்டினும் வாரக் கணக்கில். போத்தலில் எழுதியிருக்கும் காலம் செம்மறிக்கும் மாட்டுக்குமான அளவை வைத்துச் சொன்னது. வெள்ளாட்டுக்கு அளவு கூடுவதால் காலமும் கூடும். பெருநாள் திகதியை வைத்தியரிடம் சொல்லி, எந்த நாளுக்குப் பிறகு அறுக்கலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தாயாட்டின் பாலையும் அதே மாதிரி, அவர் சொல்லும் நாள்வரை வீட்டில் குடிக்க வேண்டாம்.

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். ஹீமோன்கஸ் ஆட்டின் புழு, மனிதரில் அது காணப்படுவது மிக அபூர்வம். பயப்பட வேண்டாம். ஆனால் ஆட்டுப் புழுக்கையில் வயிற்றுப்போக்கைக் கொடுக்கும் வேறு கிருமிகள் உண்டு, அதனால் கொட்டிலிலிருந்து வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். குர்பான் கொடுத்த பிறகு ஈரல், நுரையீரல், மூளை எதையும் பச்சையாகத் தெரு நாய்களுக்கு எறியாதீர்கள். ஆட்டின் உறுப்பில் இருக்கும் நீர்க்கட்டியைத் தின்ற நாயின் குடலில் நாடாப்புழு வளரும், அதன் முட்டை நாய் மலத்தோடு புல்லுக்கும் முற்றத்துக்கும் வரும். அந்த வகைப் புழுக்களில் சில பிள்ளைகளையும் தொற்றும். வேண்டாத உறுப்புகளை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைத்துவிடுங்கள்.